குடிநோய்க்கான சிகிச்சை வீட்டு வாசலுக்கு வர வேண்டும்

குடியை விட முடியாமல் ஒருவர் தவிக்கிறார் என்றால், அவரை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் நம் வீடுகளில் முதலில் எழும் யோசனை. ஒரு மாதமோ மூன்று மாதமோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்துவிட்டுத் திருந்தி வருவார் என்று நம்புகிறோம். குடும்பம் அப்படி நினைப்பதைக் குறை சொல்ல முடியாது. பல ஆண்டு பட்ட பாட்டுக்குப் பிறகு ஒரு மாதமாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஏங்காத வீடு ஏது? ஆனால் ஓர் அரசும் அதன் மருத்துவத் துறையும் இதையே முதன்மையான வழியாகக் கொண்டிருப்பது பெரும் பிழை. குடிநோயிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீள்வதற்கான சிகிச்சை, பெரும்பாலானவர்களுக்கு, அவர்கள் வாழ்கிற வீட்டிலும் தெருவிலும் வேலையிடத்திலும் வைத்தே கொடுக்கப்பட வேண்டும். மையத்தில் சேர்ப்பது ஆபத்தான நிலையில் இருக்கும் சிலருக்கான ஏற்பாடாக இருக்க வேண்டும். இப்போது நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றது. இவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. அதிலும் பாதிப் பேர், ஏறத்தாழ 2.9 கோடி, மது இல்லாமல் ஒரு நாளைக் கடத்த முடியாத அளவுக்கு அதைச் சார்ந்தே வாழ்கிறார்கள். இப்படிச் சார்ந்து வாழ்பவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையிலோ மையத்திலோ தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர் மட்டுமே. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வும் மதுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களில் 86 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள் என்றே சொன்னது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டில் உள்ள படுக்கைகளை நாளையே பத்து மடங்காக்கினாலும் 18 பேரில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும். மற்ற 17 பேருக்கும் அவர்களுடைய வீடுகளுக்கும் நாம் சொல்லப்போகும் பதில் என்ன?

படுக்கை இருந்தாலும் எல்லாராலும் போக முடியுமா என்பது அடுத்த கேள்வி. கொத்தனாரோ சித்தாளோ, லோடுமேனோ, தவணையில் ஆட்டோ வாங்கி ஓட்டுபவரோ முப்பது நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது, தவணை நின்றுவிடும், அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவார். தனியார் மையத்துக்குக் கட்டணம் கட்ட நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. போய்ச் சேருகிற இடமும் எல்லா ஊரிலும் நல்ல இடமாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாத மறுவாழ்வு இல்லங்கள் மூடி முத்திரையிடப்பட்டதையும், உள்ளே இருந்தவர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டதையும், சிலர் உயிரே விட்டதையும் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. சமூகத்தோடு சேர்ந்து வாழ்ந்தபடியே சிகிச்சை பெறுவதை ஓர் உரிமையாகச் சொன்னது. அப்படியிருந்தும், தூங்கிக்கொண்டிருப்பவரை நான்கு பேர் வந்து வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவதைச் சிகிச்சையின் தொடக்கமாக ஏற்றுக்கொள்ளும் மனநிலை நம்மிடம் இன்னும் இருக்கிறது.

தங்கிச் சிகிச்சை பெற்றால்தான் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இருந்தால், எவ்வளவு செலவானாலும் அதையே செய்வோம் என்று சொல்லலாம். அப்படி ஓர் ஆதாரம் கிடைக்கவில்லை. 1967-இல் லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளரும் மதுவுக்கு அடிமையான 40 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மருத்துவமனையில் வைத்தும் மறுபகுதியினரை வெளிநோயாளிகளாகவும் சிகிச்சை செய்து பார்த்தார்கள். விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பத்தாண்டு கழித்து, 1977-இல், எட்வர்ட்ஸின் குழு இன்னும் துணிச்சலான சோதனை ஒன்றை வெளியிட்டது. மணமான 100 ஆண்கள். பாதிப் பேருக்கு மருந்து, ஆலோசனை, தேவைப்பட்டால் மருத்துவமனை அனுமதி என்று பல மாத முழுச் சிகிச்சை. மீதிப் பேருக்குக் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு விரிவான ஆலோசனை, பிறகு வீட்டு நிலவரத்தை அறிய மனைவியோடு மாதம் ஒரு தொடர்பு. ஓராண்டு முடிவில் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 1989-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் 164 பேரிடம் நடந்த ஆய்வு, குடியை நிறுத்தும் முதல் வாரத்துச் சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டது. உள்நோயாளிகளில் 95 சதவீதம் பேரும், தினமும் வந்துபோனவர்களில் 72 சதவீதம் பேரும் அந்தக் கட்டத்தை முடித்தார்கள். இந்த இடைவெளியை மறைக்கக் கூடாது. வீட்டிலிருந்து வருபவர்களில் கூடுதலானவர்கள் நடுவில் நழுவிவிடுகிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பும் ஒன்றுபோலத்தான் இருந்தன. செலவோ, வந்துபோனவர்களுக்கு உள்நோயாளிகளுக்கு ஆனதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதே பணத்தில் ஒருவருக்குப் பதில் பலரைத் தொட முடியும் என்றால், பொதுச் சுகாதாரத்தின் பார்வையில் அதற்குமேல் விவாதிக்க அதிகமில்லை.

காரணம் எளியது. குடியை நிறுத்துவது ஒரு வார வேலை. நிறுத்தியபடியே இருப்பது பல ஆண்டு வேலை. அந்தப் பல ஆண்டும் கழிவது வீட்டில்தான். சனிக்கிழமை கூலி கைக்கு வரும் நேரம், வேலை முடிந்து உடம்பு முறிகிற மாலை, சித்தப்பா வீட்டுக் காதுகுத்து, நண்பர் வீட்டுத் துக்கம், மனைவியோடு ஒரு வாய்ச்சண்டை, கடன்காரரின் ஒரு போன்: குடிக்கத் தூண்டுவன இவைதான். மையத்தின் சுவருக்குள் இவற்றில் ஒன்றும் இல்லை. அங்கே முப்பது நாள் குடிக்காமல் இருப்பது பெரும்பாலும் மது கிடைக்காததால் வந்த ஓய்வு. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களை 1971-க்குப் பிறகு தொடர்ந்து கவனித்த லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளரின் ஆய்வு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. அங்கே இருந்தபோது சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கோ அபினிக்கோ அடிமையாக இருந்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேரே மறுபடியும் அடிமையானார்கள். சூழல் மாறினால் மனிதன் மாறுகிறான் என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்லி, அதனால்தான் வீட்டைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் அந்தச் சிப்பாய்கள் வியட்நாமுக்குத் திரும்பிப் போகவில்லை. நம் மையத்திலிருந்து வெளியே வருபவர் புறப்பட்ட அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம்தான் திரும்புகிறார். ஆகவே மாற்ற வேண்டியது அவர் திரும்பிவரும் சூழலை. அதை அவர் இல்லாத நேரத்தில் யாரும் மாற்றி வைக்கப்போவதில்லை. அவரும் அவரைச் சுற்றியிருப்பவர்களும் சேர்ந்து, நாள்தோறும், அங்கேயே மாற்ற வேண்டும்.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஹன்ட், அஸ்ரின் என்ற இருவர். 1973-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையோடு வேறு சில காரியங்களும் சேர்ந்தன. வேலை தேடிக் கொடுத்தார்கள். கணவன் மனைவிக்குள் பேச்சைச் சீராக்கினார்கள். பழைய மதுக்கடை ஒன்றை எடுத்து, மது இல்லாமல் சீட்டாடவும் பாட்டுக் கேட்கவும் கூடும் மன்றமாக மாற்றினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் இந்த உதவி பெற்றவர்கள் குடித்த நாட்கள் 14 சதவீதம். பெறாதவர்கள் குடித்தவை 79 சதவீதம். எட்டுப் பேரை எட்டுப் பேரோடு ஒப்பிட்ட மிகச் சிறிய ஆய்வு என்பதால் எண்களை அப்படியே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அது காட்டிய திசையில்தான் பின்னால் வந்த பல ஆய்வுகளும் நின்றன. குடியாத வாழ்க்கை குடித்த வாழ்க்கையைவிட அன்றாடம் கொஞ்சம் இனிப்பாக இருந்தால் மனிதர் அதில் தங்குகிறார். அந்த இனிப்பை உண்டாக்குவது உறவும் வேலையும் ஊரும்.

இதற்காக அயல்நாட்டை மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை 1980-இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், நகரத்து மருத்துவமனை ஒன்றோடு நின்றுவிடவில்லை. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடியில் 1989-இல் குடிநோய் சிகிச்சை முகாம் ஒன்றை அவரும் அவருடைய குழுவினரும் தொடங்கினார்கள். மருத்துவரும் ஆலோசகர்களும் கிராமத்துக்கு வந்தார்கள். உள்ளூர் மக்கள் இடமும் ஆதரவும் தந்தார்கள். குடும்பத்தினருக்கும் அங்கேயே ஆலோசனை கிடைத்தது. முகாம் முடிந்த பிறகும் மீண்டவர்களைத் தேடிப் பின்தொடர்ந்தார்கள். இந்த அனுபவம் 1994-இல் 'அடிக்‌ஷன்' என்ற பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரையாகவே வந்தது. சென்னைக்கு வண்டியேற முடியாத விவசாயக் கூலிக்குச் சிகிச்சையைச் சென்னை கொண்டுபோய்க் கொடுத்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் செய்து காட்டப்பட்ட இந்த முறை ஏன் ஒவ்வொரு வட்டாரத்திலும் வேர்விடவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்ளும் ஆயிரக்கணக்கான ஆண்களைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் பொழுது சாய்ந்தால் மதுக்கடைக்குப் போகிற சிலர்கூட அந்த ஒரு மண்டலக் காலம் மதுவைத் தொடுவதில்லை. அவர்கள் எந்த மையத்திலும் அடைக்கப்படவில்லை. அதே வீடு, அதே வேலை, அதே தெரு. ஆனால் மனைவியும் பிள்ளைகளும் 'சாமி' என்று அழைக்கிறார்கள். முதலாளி மரியாதையாகப் பேசுகிறார். பழைய கூட்டாளி கிளாஸை நீட்ட மாட்டார். மாலையில் பஜனைக்குப் போக இடம் இருக்கிறது, கூட இருக்க ஆள் இருக்கிறது. ஊரே சேர்ந்து ஒரு மனிதரிடம் வேறு ஒருவரை எதிர்பார்க்கிறது, அவரும் அப்படியே நடந்துகொள்கிறார். மாலையைக் கழற்றியதும் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள் என்பது உண்மை. மாலையோடு அந்த எதிர்பார்ப்பும் கூட்டமும் கழன்றுவிடுகின்றன, அதனால்தான். கடுமையாகக் குடிப்பவர் மருத்துவ உதவி இல்லாமல் இப்படித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வீட்டில் இருந்துகொண்டு நிறுத்தவே முடியாது என்று சொல்பவர்களுக்கு நம் ஊரே ஆண்டுதோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆபத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். வீட்டுச் சிகிச்சைக்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் ஆட்சேபம் அதுதான். பல ஆண்டு அளவுக்கு மீறிக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் ஏறி உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். இது வெறும் மன உறுதியால் கடக்கிற விஷயம் அல்ல. ஆகவே யாரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், யாரைக் கூடாது என்று பிரிப்பதே மருத்துவரின் முதல் வேலை. முன்பு வலிப்போ நினைவுக் குழப்பமோ வந்தவர், கல்லீரல் கெட்டவர், தூக்க மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், கர்ப்பிணி, வீட்டில் கவனிக்க ஒரு பெரியவர்கூட இல்லாதவர் ஆகியோர் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும், அவர்களுக்காகத்தான் படுக்கைகள். மற்றவர்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையை அளவு குறைத்துக்கொண்டே வந்து சில நாள் கொடுத்து, தயமின் என்ற பி-1 வைட்டமினைத் தவறாமல் சேர்த்து, செவிலியர் ஒருவர் தினமும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தால், அந்த வாரத்தை வீட்டிலேயே கடக்கலாம். பல நாடுகளில் இது வழக்கமான நடைமுறை. அதன்பின் குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மருந்துகள் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் இரண்டையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கிடைப்பதுபோல் இவையும் கிடைக்க வேண்டும். மருத்துவம் கைக்கெட்டாத இடத்தில்தான் 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற சுவர் விளம்பரங்கள் பிழைக்கின்றன. டைசல்பிராம் போன்ற மருந்தைக் குழம்பில் கலந்து கொடுத்து, அது தெரியாமல் அவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கையறு நிலையில் இதைச் செய்யும் பெண்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலையில் அவர்களை விட்ட அமைப்பைத்தான் சொல்ல வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. வீட்டிலேயே சிகிச்சை என்றால் அந்தப் பாரம் முழுவதும் மனைவி தலையிலும் தாய் தலையிலும்தானே விழும் என்று பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவனைக் கொண்ட பெண்களில் 70 சதவீதம் பேர் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவன் உள்ள வீடுகளில் அது 23 சதவீதம். அடிவாங்கும் பெண்ணிடம் அடிப்பவரின் மருந்து அட்டையைக் கொடுத்து 'நீயே பார்த்துக்கொள்' என்று சொல்வதைச் சிகிச்சை என்று அழைக்கக் கூடாது. வன்முறை உள்ள வீட்டில் பெண்ணின், குழந்தைகளின் பாதுகாப்புத்தான் முதலில். அங்கே குடிப்பவர் வெளியே தங்கியாக வேண்டும் என்றால் தங்கத்தான் வேண்டும். மற்ற வீடுகளிலும் மனைவியைக் காவலராகவும் செவிலியராகவும் ஆக்கிவிடக் கூடாது. சமூகம் சார்ந்த சிகிச்சை ஒழுங்காக நடந்தால் அவள் பாரம் குறைய வேண்டும். குறையாவிட்டால் அது நடக்கவில்லை என்று பொருள். இன்று அவள் எந்தப் பயிற்சியும் துணையும் இல்லாமல் தனியாகச் சுமக்கிறாளே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 1999-இல் அமெரிக்காவில் வில்லியம் மில்லரும் ராபர்ட் மேயர்ஸும் 130 குடும்பத்தினரிடம் சோதித்தார்கள். சிகிச்சைக்கு வர மறுத்தவரிடம் எப்போது பேசுவது, எப்போது விலகுவது, அவர் குடிக்காத நேரத்தை எப்படி இதமாக்குவது, தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்று கற்றுக்கொண்டவர்களின் வீடுகளில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்து அவரை எதிர்கொள்ளும் முறையில் வந்தவர்கள் 30 சதவீதம் மட்டுமே. பெங்களூரு நிம்ஹான்ஸில் 90 நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வும் குடும்பத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு கொடுத்த பயிற்சி, நோயாளிக்கு மட்டும் கொடுத்ததைவிடக் குடியைக் கூடுதலாகக் குறைத்தது என்று கண்டது. நல்லதை நினைத்து ஏங்கும் குடும்பத்தின் கையில் ஒரு வழிமுறையையும், அவசரத்துக்கு அழைக்க ஓர் எண்ணையும், வாரம் ஒருமுறை வந்து கேட்க ஓர் ஆளையும் கொடுப்பதுதான் இதன் சாரம்.

தெருமுனையில் கடையை வைத்துக்கொண்டு வீட்டில் சிகிச்சையா என்று கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மது சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனம் வழியாக அரசே தன் கையில் வைத்திருக்கிறது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் 500, 500 கடைகளாக மூடியும் இன்னும் நாலாயிரத்துக்கு மேல் கடைகள் இருக்கின்றன. பள்ளிக்கும் கோயிலுக்கும் குடியிருப்புக்கும் அருகில் உள்ளவற்றை அகற்றுவதும், விற்பனை நேரத்தைக் குறைப்பதும் அவசியம். அது சிகிச்சையின் ஒரு பகுதியே. ஆனால் கடையை மூடும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, நோயாளியை அரசியல் வாக்குறுதிக்குப் பணயம் வைப்பதாகும். கடைக்கு வெளியேயும் மது இருக்கிறது: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அவர்களில் பலர் பல ஆண்டு குடித்த கூலித் தொழிலாளர்கள். அவர்கள் வீட்டுக் கதவைச் சுகாதாரத் துறையின் யாராவது ஒருவர் அதற்குமுன் தட்டி, 'அண்ணே, இதை விட வழி இருக்கிறது, நான் கூட வருகிறேன்' என்று சொல்லியிருந்தாரா என்ற கேள்வி, சாராயம் விற்றவர்களைப் பற்றிய விசாரணையோடு சேர்த்தே கேட்கப்பட வேண்டியது.

அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தை நீட்டிப் பேச வேண்டியதில்லை. குடிப்பது தெருவுக்கே தெரிந்திருக்கிறது. நிறுத்துவது தெரிவதில் என்ன இழிவு? பெண்களுக்கு மட்டும் இது வேறு. மதுவுக்கோ மாத்திரைக்கோ அடிமையான பெண் அதை மறைத்தே வாழ்கிறாள். அவளுக்கு ரகசியம் காக்கும் தனி ஏற்பாடு, பெண் ஆலோசகரோடு, கட்டாயம் வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆள் எங்கே என்பார்கள். மனநல மருத்துவர்கள் போதாது என்பது உண்மை. ஆனால் எல்லா வேலைக்கும் மனநல மருத்துவர் தேவையில்லை. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேல், அபிஜித் நட்கர்ணி குழுவினர் நடத்தி 2017-இல் வெளியிட்ட சோதனையில், மருத்துவப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள், அளவுக்கு மீறிக் குடிக்கும் 377 ஆண்களில் பாதிப் பேரோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 36 சதவீதம் பேர் தீங்கான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். ஓராண்டில் அது 54-க்கு 32 என்று விரிந்தது. இது முற்றிலும் மதுவைச் சார்ந்துவிட்டவர்களைப் பற்றிய ஆய்வு அல்ல. அந்த நிலைக்குப் போகும் வழியில் இருப்பவர்களைப் பற்றியது. ஆனால் அந்த வழியில்தானே பெருங்கூட்டம் நிற்கிறது. தமிழ்நாட்டுக்கு இதற்கான படை ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையில் இருப்பவருக்கும் பிசியோதெரபி வீடு தேடிப் போகிறது. ஒரு வீட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று கேட்கும் அந்தப் பதிவேட்டில் யார் எவ்வளவு குடிக்கிறார் என்ற கேள்விக்கும் இடம் வேண்டும். குறைந்த தொகைக்கு உழைக்கும் அந்தப் பெண்கள்மீது ஊதியத்தை உயர்த்தாமல் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது; குடித்திருக்கும் ஆண்கள் உள்ள வீடுகளுக்கு அவர்களைத் தனியாக அனுப்பவும் கூடாது. இங்கேதான் மீண்டவர்களின் இடம் வருகிறது. ஐந்து, பத்து ஆண்டுகளாகக் குடிக்காமல் இருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கட்டணமில்லாமல் நடக்கின்றன. அந்த வழிமுறை வேலை செய்கிறதா என்ற பழைய சந்தேகத்துக்கு, 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டு கோக்ரேன் மதிப்பீடு, முழுமையாக மதுவைத் தவிர்ப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட அது பின்தங்கவில்லை, பலவற்றை மிஞ்சவே செய்கிறது என்று பதில் சொன்னது. அப்படி மீண்ட ஒருவரைச் சம்பளத்தோடு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அமர்த்துவது பெரிய செலவல்ல. குடிப்பவர் யார் பேச்சையும் கேட்காத நேரத்திலும் தன்னைப்போல் விழுந்து எழுந்தவரின் பேச்சைக் காதில் வாங்குகிறார்.

மதுவுக்குச் சொன்னது மற்ற போதைக்கும் பொருந்துமா? வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் நம் நகரங்களில் பெருகிவருவது அச்சம் தருகிறது. அவர்களுக்கு வீட்டில் இருந்து தொடரும் சிகிச்சை இன்னும் அவசியம். சில வாரம் அடைத்துவைத்து வெளியே விட்டால், உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய அளவையே ஏற்றிக்கொள்பவர் இறந்துபோகலாம். ஹெராயின் பெருகிய பஞ்சாப் 2017 முதல் வெளிநோயாளிப் போதை மீட்பு நிலையங்களைத் திறந்து, பியூப்ரெனார்பின் மாத்திரையைக் கொடுத்து, வேலைக்குப் போய்க்கொண்டே மீள வழிசெய்தது. அங்கே குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் லட்சக்கணக்கானவர்களை மருத்துவரின் கண்பார்வைக்குள் கொண்டுவர வேறு எந்த முறையாலும் முடிந்திருக்காது.

வீட்டில் இருந்து சிகிச்சை பெறுபவர் நடுவில் ஒருநாள் குடித்துவிடுவார். பலரும் குடிப்பார்கள். மையத்தில் இருந்து வந்தவர்களும் குடிக்கத்தான் செய்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் சர்க்கரை கல்யாண விருந்துக்குப் பிறகு ஏறினால் மருந்தைக் கூட்டி, உணவைச் சரிசெய்து, அடுத்த வாரம் வரச் சொல்கிறோம்; அவரைக் கைவிடுவதில்லை. குடிநோயில் மட்டும் ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாகப் பார்த்து, 'உன்னைத் திருத்த முடியாது' என்று தள்ளிவிடுகிறோம். அந்த வார்த்தையே அடுத்த பாட்டிலுக்குக் காரணமாகிவிடுகிறது. குடித்த மறுநாள் காலையே யாராவது வீட்டுக்கு வந்து, என்ன நடந்தது என்று திட்டாமல் கேட்டால், ஒருநாள் சறுக்கல் ஒரு வருடமாக நீளாமல் தடுக்கலாம். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மையத்தால் இதைச் செய்ய முடியாது. பக்கத்துத் தெருவில் இருப்பவரால் முடியும்.

தமிழ்நாடு அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்கு அவை வேண்டும். ஆனால் மருத்துவமனை வாசலோடு அவை நின்றுவிடக் கூடாது. அங்கிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் குறைந்தது ஓராண்டு அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பில் வர வேண்டும். தயமினும் நால்ட்ரெக்சோனும் அகாம்ப்ரோசேட்டும் அங்கே இருப்பில் இருக்க வேண்டும். வீட்டில் வைத்து நிறுத்தக்கூடியவரையும் கூடாதவரையும் பிரித்தறிய அங்குள்ள மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயிற்சி வேண்டும். ஊரக வேலைத் திட்டத்திலும் மகளிர் சுயஉதவிக் குழுக் கடனிலும் மீளும் குடும்பத்துக்கு முன்னுரிமை வேண்டும். இதற்குப் பணம் இல்லை என்று இந்த மாநிலத்தில் யாரும் சொல்ல முடியாது. டாஸ்மாக் வழியாக அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அதில் நூற்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால்கூட 450 கோடி. அந்தப் பணம் யாருடைய கூலியிலிருந்து வந்ததோ அவர்களுடைய வீட்டுக்கே திரும்பிப் போகட்டும்.

அதுவரை, காலையில் கை நடுக்கத்தோடு எழுந்து முதல் வேலையாகக் குடிப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே நிறுத்து என்று அவரிடம் சண்டை போடாதீர்கள். அவருக்குத் தெரியாமல் எதையும் கலந்து கொடுக்காதீர்கள். அவர் குடிக்காமல் தெளிவாக இருக்கும் ஒரு நேரத்தில் பேசி, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வெளிநோயாளியாகவே சிகிச்சையைத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் ஆலோசனை பெறுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.